வெளிச்சத்தில் எடுத்த இரண்டாவது படம்

மதியச் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் எட்டாம் வகுப்புப் பவித்ரா நின்றாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

எங்கள் பள்ளியில் ஒரு பெண் அப்படி வந்து நின்றால் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். ஒன்று, பிறந்தநாள் சாக்லேட்டை ஒளித்து வைத்திருப்பாள். இல்லாவிட்டால், அழுதுவிடக் கூடாது என்று விரல்களை நெரித்துக்கொண்டிருப்பாள். நான் சாக்லேட் என்று நினைத்துச் சிரித்தேன். இந்த மாதிரி விஷயங்களில் என் கணிப்பு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

"மிஸ், நான் எழுதுனத நம்ம பக்கத்துலேர்ந்து எடுத்துடுங்க மிஸ்."

ஏன், எவ்வளவு பேர் படித்துவிட்டுப் பாராட்டியிருக்கிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மாவுக்கு அப்பர் வர்றது நின்னுபோச்சு மிஸ்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பர் என்பது ஷூவின் மேல்பாகம். அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன்னால் வெறும் தோலாக, தொளதொளவென்று இருக்கும். ஆம்பூர்ப் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளி இருக்கும் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் கதவோரமாக ஒரு சாக்கு இருக்கும். சாக்குக்குள் அப்பர் இருக்கும். முன்பக்கத்தில் கையால் மட்டுமே போட வேண்டிய தையலுக்காகக் கம்பெனியிலிருந்து ஏஜெண்ட் வழியாக வீட்டுக்கு வரும், தைத்து முடித்ததும் திரும்பிப் போகும். பவித்ராவின் அம்மா சாந்தி பல வருடங்களாக அந்த வேலையைத்தான் செய்து வந்தார்.

ஒரு வாரமாக அந்தச் சாக்கு வரவில்லை. அதற்குக் காரணம் பவித்ரா இல்லை, நான்.

இந்தத் தொடரில் இதுவரை என் கெட்டிக்காரத்தனங்களைத்தான் வரிசையாக எழுதி வந்திருக்கிறேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் எழுதி என்னைக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள். இந்த வாரம் பாராட்ட எதுவும் இல்லை. பொறுமையாகப் படியுங்கள்.

சர்க்குலர் இருக்கா?

எனக்கு நாட்றம்பள்ளியில் வீடு. காலையில் பஸ் பிடித்து, ஜன்னலில் ஏலகிரி மலை தேய்ந்து மறையும்வரை தூங்கி, ஆம்பூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பள்ளிக்குப் போக வேண்டும். அறிவியல் ஆசிரியை. சோதனைக் குழாயைக் கையில் எடுத்தால் தெம்பு வரும். கணினி என்றால் அந்தக் காலத்தில் பக்கத்திலேயே போக மாட்டேன்.

பள்ளிகள் மூடிக் கிடந்த காலம்தான் என்னை மாற்றியது. போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்து அதன் முன்னால் நின்று பாடம் நடத்தினேன். முகம் எதுவும் தெரியாது. எல்லாரும் மைக்கை மூடி வைத்திருப்பார்கள். யாராவது தெரியாமல் திறந்துவிட்டால் ஊரே உள்ளே வந்துவிடும். குக்கர் விசில், பள்ளிவாசல் பாங்கு, யாரோ யாரையோ கறிக்கடைக்கு அனுப்பும் சத்தம், தோல் மேல் சின்னச் சுத்தியல் விழும் சத்தம். பாடத்தைவிட அந்தச் சத்தங்கள் எனக்குப் பிடித்துப்போயின. இத்தனை விஷயம் நடக்கும் வீடுகளிலிருந்து வந்துவிட்டு வகுப்பில் ஏன் இந்தப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

பள்ளி திறந்த பிறகு வேலூரில் ஒரு பயிற்சி வைத்தார்கள். ஆன்லைனில் வினாடி வினா நடத்துவது, படம் அசைய வைப்பது, வலைப்பூ ஆரம்பிப்பது என்று மூன்று நாளும் புதுப்புதுச் சமாச்சாரம். பாதிப் பேர் தேநீர் இடைவேளைக்குக் காத்திருந்தார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டில் படம் வரைந்து எழுதிக்கொண்டேன். 'இங்கே அழுத்தவும்', 'இங்கே அழுத்தவே கூடாது' என்று அம்புக்குறி போட்டு எழுதிய அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

திரும்பி வந்து தலைமை ஆசிரியரிடம் போய், எட்டாம் வகுப்புக்கு ஒரு வலைப்பூ ஆரம்பிக்கப் போகிறேன், பிள்ளைகளே எழுதப் போகிறார்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சர்க்குலர் இருக்கா?"

இல்லை என்றேன். சர்க்குலர் இல்லாத வேலையை எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நான் பதில் சொல்கிறேன் சார் என்றேன். சொல்லும்போது அது வெறும் பேச்சு. பதில் சொல்ல வேண்டிய நாள் வரும் என்று நினைக்கவில்லை.

வலைப்பூவுக்குக் 'கரும்பலகைக்கு அப்பால்' என்று நானே ஆடம்பரமாகப் பெயர் வைத்தேன். பிள்ளைகளில் ஒருத்தியும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவர்களுக்கு அது 'நம்ம பக்கம்'.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கணினி அறையில். பிள்ளைகள் நோட்டில் எழுதி வருவார்கள், நான் திருத்துவேன், முறை வைத்துத் தட்டச்சு செய்வார்கள். பூரி ஏன் உப்புகிறது என்று ஒருத்தி எழுதினாள். பஸ் பிரேக் போட்டால் கண்டக்டர் மட்டும் ஏன் விழுவதில்லை என்று இன்னொருத்தி எழுதினாள். நெட் வராத நாட்களில் கணினி முன்னால் வரிசையாக உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் வாசித்துக் காட்டுவார்கள். உண்மையைச் சொன்னால் அந்த நாட்கள்தான் இன்னும் நன்றாக இருந்தன.

பவித்ரா மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருபவள். வருகைப் பதிவின்போது சொல்லும் 'எஸ் மிஸ்' தவிர அவள் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. ஆனால் நம்ம பக்கத்தில் மற்றவர்கள் எழுதியதற்குக் கீழே அவள் போடும் ஒற்றை வரிக் கருத்துகள் இருக்கின்றனவே, படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். கண்டக்டர் பதிவுக்குக் கீழே, 'எங்க ஊரு பஸ்ஸில் நிற்கவே இடம் இல்லை, அதனால் யாரும் விழ முடியாது' என்று எழுதியிருந்தாள். இவளை எழுத வைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

நல்லா தெரியற மாதிரி

விசையும் அழுத்தமும் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதே விசை, சின்னப் பரப்பில் விழுந்தால் அழுத்தம் அதிகம். அதனால்தான் ஆணியின் முனை கூர்மையாக இருக்கிறது. உங்கள் வீட்டில் இதற்கு ஓர் உதாரணம் தேடி எழுதி வாருங்கள், போட்டோவும் வேண்டும் என்றேன்.

எல்லாரும் அரிவாள்மணையைப் பற்றி எழுதினார்கள். பவித்ரா மட்டும் குத்தூசியைப் பற்றி எழுதியிருந்தாள். தோலில் ஓட்டை போடும் ஊசி. அவள் எழுதியதில் சில வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்:

'அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு. எங்கள் வீட்டில் விசை என் அம்மா. பரப்பு, குத்தூசியின் முனை. அம்மா விரலில் சைக்கிள் டியூபை வெட்டி மோதிரம் போல் மாட்டியிருப்பார். அது பரப்பை அதிகமாக்கி, நூல் விரலை அறுக்காமல் காப்பாற்றுகிறது. எனவே எங்கள் அம்மா ஒரே கையில் அழுத்தத்தைக் கூட்டவும் செய்கிறார், குறைக்கவும் செய்கிறார்.'

பதின்மூன்று வயதுப் பெண். இருபது வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன், எனக்கு இது தோன்றியதில்லை. நோட்டை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

ஆனால் படம் சரியில்லை. இருட்டாக இருந்தது. ரப்பர் மாட்டிய விரல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் நிழல்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அதையே போட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் அழகான பக்கம் வேண்டுமே. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு மூலையில் எண் காட்டும், அந்த எண்ணை ராத்திரி பகல் பாராமல் திறந்து பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு வந்திருந்தது.

"நாளைக்கு வாசல்ல வெளிச்சத்துல வெச்சு எடு. ஷூ நல்லா தெரியணும், தையல் ஒவ்வொண்ணும் தெரியணும்," என்று அவளிடம் சொன்னேன்.

மறுநாள் எடுத்து வந்தாள். காலை வெயிலில் சாந்தியின் மடி, மடியில் ஒரு பழுப்பு நிற அப்பர். முன்பக்கத்தில் இரண்டு வரிசைத் தையல் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போயிருந்தது. எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு. பிரமாதம் என்று அவள் தலையைத் தடவினேன். பதிவேற்றும் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன். ஒரு விரலால் மெதுவாக அழுத்திவிட்டு, கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலையே எங்கள் பழைய மாணவிகள் வாட்சப் குழுவில் பெருமையாகப் போட்டேன். அவர்களில் பலர் இப்போது ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். பூங்கொத்தும் கைதட்டலுமாக வந்து குவிந்தன. நடுவில் ஒருத்தி, 'மிஸ், இது எங்க கம்பெனி புது சாம்பிள் மாதிரி இருக்கே' என்று எழுதியிருந்தாள்.

நான் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டேன்.

வெளியூர்க்காரர்கள் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார்கள். எங்களுக்கு அது வராது. வாசலில், பஸ்ஸில், கோயில் மரத்தடியில், எங்கே பார்த்தாலும் அப்பர் கிடக்கும் ஊரில் அதில் ஓர் இரகசியம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? தினம் கண்ணில் படுவதால் கண்ணுக்கே தெரியாமல் போன பொருள் அது.

சாம்பிள் கை

பவித்ரா வந்து நின்ற அன்று சாயந்திரம் அவளுடனேயே அவள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அவள் பேசவில்லை. அந்தப் பதிவை மதியமே எடுத்துவிட்டிருந்தேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். படம் போன் போனாகப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது.

ஒரே அறை, பின்னால் சமையல் மறைப்பு. கதவோரம் சாக்கு இருந்த இடத்தில் சிமென்டுத் தரை வட்டமாக வெளுத்திருந்தது. பக்கத்தில் குத்தூசி, மெழுகுக் கட்டி, நூல்கண்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி மூடியிருந்தன. வேலை இல்லாத வீட்டில் எல்லாம் அதிகச் சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்ததும் என் மனசு என்னவோ செய்தது.

சாந்தி சத்தம் போடுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் பாய் விரித்து உட்காரச் சொன்னார். டீ போட்டுக் கொடுத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலின் நடுவில் நூல் ஓடி ஓடி ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அப்போதுதான் சாம்பிள் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. அடுத்த சீசனுக்கு வெளிநாட்டுக்காரர்களிடம் காட்ட, கம்பெனி சில ஜோடிகளை மட்டும் முதலில் செய்து பார்க்குமாம். அந்த மாடல் வெளியே தெரியக் கூடாது. வேறு கம்பெனி பார்த்துவிட்டால் ஆர்டரே போய்விடும். அதை எல்லாருக்கும் கொடுக்க மாட்டார்கள். பிசிறில்லாமல் தைக்கிற ஒன்றிரண்டு பேருக்குத்தான் கொடுப்பார்கள். அவர்களை இந்தப் பக்கம் 'சாம்பிள் கை' என்பார்களாம். இத்தனை வருடம் தைத்து, இந்த வருடம்தான் முதல்முறையாகச் சாந்தியிடம் சாம்பிள் வந்திருக்கிறது. தெருவில் மற்ற பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

அந்தச் சாம்பிளைத்தான் நான் ஊருக்கே காட்டியிருந்தேன். இப்போது சாம்பிளும் இல்லை, சாதாரண வேலையும் இல்லை.

பவித்ராவைத் திட்டாதீர்கள் அம்மா, தப்பு என்னுடையது என்று சொன்னேன். சாந்தி டீ கிளாஸை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"அவள இன்னா திட்டறது மிஸ். எனக்குத் தெரியும், போட்டோ எடுக்கக் கூடாதுன்னு. மொதல்ல எடுத்தப்ப விரல மட்டும் எடுன்னு நான்தான் சொன்னேன். மறுநா வந்து, மிஸ் ஷூ தெரியணும்னு கேட்டாங்கன்னு சொன்னா. மிஸ்ஸே கேட்டாங்கன்னதுக்கு மேல நான் யோசிக்கல."

முதல் படம் ஏன் இருட்டாக இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது தெரியாமல் எடுத்த படம் இல்லை. யோசித்து, மறைத்து, எனக்காக எடுத்துக் கொடுத்த படம். அதை நான் சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். 'மிஸ்ஸே கேட்டாங்க' என்ற அந்த வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. கிளம்பும்போது மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர், "அய்ய, இன்னா மிஸ் நீங்க," என்று என் தோளைத் தொட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பவித்ரா பார்த்துவிட்டாள் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

அரைப் பக்கக் கடிதம்

ஏஜெண்ட் அன்வர் பாயின் குடோன் மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. நான் பெரிய சண்டைக்குத் தயாராகப் போனேன். என் சுபாவம் அப்படி. தப்பு என் மேல் இருக்கும்போது எனக்கு வேகம் இன்னும் அதிகமாக வரும்.

அவர் ஐம்பது வயசு மனிதர். சாக்குகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து அப்பரை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் என்றதும் எழுந்து முக்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றார். பிறகு எப்படிச் சண்டை போடுவது?

"சாந்திம்மா மேல எனக்குக் கோவம் இல்ல டீச்சர். அது மாதிரி கை இந்த லைன்ல கம்மி. கம்பெனில அந்தப் போட்டோவ என் மூஞ்சிக்கு நேரா காட்டி, யாரு வூடுன்னு கேட்டாங்க. பொய் சொன்னா என் லைன் மொத்தமும் போய்டும். இதுல எத்தினி வூடு இருக்குது தெரியுமா? எனக்கும் பேஜாராதான் இருக்குது."

என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டேன். சாந்தி திருட்டுத்தனமாக யாருக்கோ படம் அனுப்பியதாகத்தான் அங்கே நினைக்கிறார்கள், அந்த எண்ணம் போனால் பார்க்கலாம் என்றார். யார் எடுக்கச் சொன்னது என்று நான் எழுதிக் கொடுத்தால் தானே கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கணினி முன் உட்கார்ந்தேன். வலைப்பூவில் பக்கம் பக்கமாக எழுதியவள், ஒரு வாரத்துக்கு மூன்று பதிவு போட்டவள், அரைப் பக்கம் எழுத முடியாமல் தவித்தேன். 'தவறுதலாக', 'கவனக்குறைவினால்', 'எதிர்பாராதவிதமாக' என்று எழுதி எழுதி அழித்தேன். எல்லாமே என்னைக் காப்பாற்றிக்கொள்கிற வார்த்தைகள். கடைசியில் கணினியை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதினேன். மாணவி முதலில் கொண்டு வந்த படத்தில் ஷூ தெரியவில்லை. அந்த அம்மா மறைத்துத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஷூ தெரியும்படி வெளிச்சத்தில் மறுபடி எடுக்கச் சொன்னது நான். வெளியிட வைத்ததும் நான். குழுவில் பகிர்ந்ததும் நான். அவ்வளவுதான் கடிதம்.

மறுநாள் அதைத் தலைமை ஆசிரியரிடம் காட்டினேன். பள்ளிப் பெயர் வருகிறது, சொல்லாமல் கொடுக்கக் கூடாது இல்லையா. அவர் இரண்டு தடவை படித்தார். அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். நான் அப்பவே சொன்னேனே என்பார். பள்ளிப் பேரை எடுத்துவிடுங்கள் என்பார்.

அவர் டிராயரைத் திறந்து பள்ளி முத்திரையை எடுத்தார். மைப்பெட்டியில் ஒற்றி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் நிதானமாக அழுத்தினார். அதன் மேல் தன் கையெழுத்தையும் போட்டார்.

"சீல் இல்லன்னா அவங்க நம்ப மாட்டாங்க டீச்சர். சர்க்குலர் இல்லாத வேலைக்கு நான் சீல் வெக்கறது இதான் மொத தடவ."

அவரைப் பற்றி நான் இத்தனை வருடமாகச் செய்து வந்த கேலியையெல்லாம் அன்று மனசுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துச் சாந்தி வீட்டுக் கதவோரத்தில் சாக்கு வந்தது. சாதாரண வேலைதான். சாம்பிள் வேறு ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. அதுபற்றிக் கம்பெனியில் எதுவும் சொல்லவில்லையாம். கேட்கவும் முடியாது.

முனை

நம்ம பக்கத்தில் ஒரு புது வழக்கம் வைத்தேன். எந்தப் படத்தைப் போடுவதற்கு முன்னாலும் கணினி அறையில் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும்: இது யாருடையது, அவர்களிடம் கேட்டாயா, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழி இருந்ததா? மூன்றாவது கேள்வியை எனக்காகத்தான் வைத்தேன்.

ஆனால் பவித்ரா எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வருவாள், மற்றவர்களுடையதைத் தட்டச்சு செய்து கொடுப்பாள், போய்விடுவாள். கருத்துக்கூடப் போடுவதில்லை. எழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏற்கெனவே ஒருமுறை சொல்லி நடந்தது போதும். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்கும்போதெல்லாம், வீட்டில் போனதைவிட இவளிடம் போனதுதான் பெரிய நஷ்டமோ என்று தோன்றும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரம், திருத்த வந்த நோட்டுகளுக்கு நடுவே அவளுடையதில் ஒரு தாள் செருகியிருந்தது. பென்சிலால் ஒரு குத்தூசி வரைந்து பாகங்களைக் குறித்திருந்தாள். கீழே இப்படி எழுதியிருந்தது: 'மிஸ், முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு நல்லது என்று நான் போன தடவை எழுதினேன். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அது தப்பு என்றார்கள். ரொம்பக் கூராக இருந்தால் தோல் கிழிந்துவிடும். புது ஊசியை வாங்கியதும் அம்மா கல்லில் கொஞ்சம் தேய்த்து மழுக்குவார்கள். திருத்தம் போட வேண்டும். படம் வரைந்துவிட்டேன், போட்டோ வேண்டாம்.'

நீக்கியிருந்த பதிவை அவள் வரைந்த படத்தோடும் திருத்தத்தோடும் மறுபடி போட்டோம். அவளே தட்டச்சு செய்தாள். ஆசிரியரின் கருத்து என்று கீழே நான் எழுதினேன்: 'தவறாகச் சொல்லிக் கொடுத்தது நான். திருத்திய அம்மாவுக்கு நன்றி.' எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

காலியான கைகள்

வெயில் ஏறிய மாசம். ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறை வாசலில் பவித்ரா நின்றாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

டப்பாவை அப்படியே வைத்துவிட்டு, என்னம்மா ஆச்சு என்று ஓடினேன். இந்தத் தடவையும் என் கணிப்பு தப்பு. அவள் கையில் சாக்லேட் இருந்தது.

"சாம்பிள் வந்துருக்கு மிஸ். நேத்து அன்வர் பாய் கொணாந்து குடுத்தாரு. அந்தத் தையல் சாந்திம்மா கைக்குதான் வரும்னு சொன்னாராம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அம்மா உங்கள வரச் சொன்னாங்க. போட்டோல வேணாமாம். நேர்ல வந்து பாக்கச் சொன்னாங்க."

பள்ளி விட்டதும் போனை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். சாவியைத் தலைமை ஆசிரியரிடமே கொடுத்தேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. பவித்ராவோடு நடந்தேன். இந்த முறை வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். வகுப்பில் எட்டு மாதம் பேசாததையெல்லாம் அந்த அரை மைலில் பேசிவிட்டாள். எழுத்தில் இருப்பதைவிடப் பேச்சில் இன்னும் குறும்பான பெண்.

சாந்தி வாசலில்தான் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் மடியில் இருந்ததன் மேல் சட்டென்று முந்தானையை இழுத்து மூடினார். அவர் கண் முதலில் என் முகத்துக்கு வரவில்லை. என் கைகளைத்தான் பார்த்தது. நான் இரண்டையும் விரித்துக் காட்டினேன்.

அவர் சிரித்தார். முந்தானையை விலக்கி, கறுப்புத் தோலில் பாதி தைத்திருந்த அந்த அப்பரை எடுத்து, விரித்த என் கைகளிலேயே வைத்தார்.